கையெழுத்துக்கு என்ன விலை?

கேள்வி: அமெரிக்க ஜனாதிபதிகள் கையெழுத்திட்ட பழைய ஆவணங்களைச் சேகரிப்பவர்கள், பெரிய தலைவருக்குத்தானே பெரிய விலை கொடுப்பார்கள்?

பதில்: அப்படியென்றால் வில்லியம் ஹென்றி ஹாரிசனை யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள். 1841-இல் பதவியேற்று, 31 நாளில் இறந்துபோனவர். ஆட்சிச் சாதனை என்று சொல்ல ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடவே நேரமில்லாததால், ஜனாதிபதியாக அவர் ஒப்பமிட்ட தாள், முழுப் பதவிக்காலம் ஆண்ட பலருடையதைவிட விலை உயர்ந்தது. ஆக, சந்தை மதிப்பது தலைவரை அல்ல, தட்டுப்பாட்டை. ‘லிங்கனுக்கும் கொட்டிக் கொடுக்கிறார்களே?’ என்பீர்கள். உண்மைதான், புகழுக்கும் விலை உண்டு. ஆனால் அவர் கையெழுத்திட்ட சாதாரண ராணுவ நியமனப் பத்திரங்கள் ஏராளம். அடிமை விடுதலைப் பிரகடனத்தின் அச்சுப் பிரதிகளில் 1864-இல் அவர் ஒப்பமிட்டவையோ 48தான். அவற்றின் விலை பல லட்சம் டாலர். பேனா பிடித்த கை ஒன்றே. தாளில் இருக்கும் விஷயமும் எண்ணிக்கையும்தான் வேறு.

பெயரை மட்டும் நம்பவும் முடியாது. 1833-க்குப் பிறகு அரசு நிலப் பத்திரங்களில் ஜனாதிபதியின் பெயரைச் செயலர்களே எழுதினார்கள். கென்னடி காலத்தில் இயந்திரமும் கையெழுத்துப் போட்டது. வாங்குமுன் நிபுணரிடம் காட்டுங்கள். இல்லையேல் குமாஸ்தா கையெழுத்துக்கு ஜனாதிபதி விலை கொடுப்பீர்கள்!