மேம்பாலத்தில் குடியேறிய கார்கள்

புயல் வருகிறது என்றதும் சென்னையில் முதலில் நகர்வது மேகமல்ல, கார். 2024 அக்டோபரில் 'ரெட் அலர்ட்' என்று டிவியில் ஓடியதுதான் தாமதம், வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றுவிட்டன. அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு. இல்லவே இல்லை என்று காவல்துறையின் மறுப்பு. காருக்கு மேட்டுநிலம், காரின் சொந்தக்காரருக்குத் தரைத்தளம். தவணை முடியாத பொருளுக்குத்தானே முதல் மரியாதை! ஏரியைச் சுருக்கி வீடு கட்டிய ஊரில் மிச்சமிருக்கும் ஒரே குன்று பாலம்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது பால். மூன்று பேர் உள்ள வீட்டுக்குப் பத்து பாக்கெட். வாங்குபவரைக் கேட்டால், "கரண்ட் போயிடும் சார்" என்பார். கரண்ட் போனால் ஃபிரிட்ஜும் போகுமே என்று நான் கேட்கவில்லை. என் பையில் ஆறு பாக்கெட் இருந்தது.

வெள்ளம் வரப்போகும் ஊரில் குடம்குடமாகத் தண்ணீர் பிடித்து வைப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர் சிரிக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்துக்கு நடுவே குடிநீர் தேடியவர்கள் சிரிப்பதில்லை.

அந்த அக்டோபரில் தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி சென்னைக்கு வடக்கே சத்தமில்லாமல் கரையேறியது. கார்கள் இறங்கின. பால் தீரும்வரை எங்கள் வீட்டில் மூன்று நாள் பாயசம். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் என்றார்கள். கார்கள் மறுபடி பாலம் ஏறின.