ஒண்ணேமுக்கால் டாலர் கொட்டகை

டெக்சாஸில் மே மாதக் கடைசியில் பூட்டும் பள்ளிக்கூடம் ஆகஸ்டு பாதியில்தான் திறக்கும். நடுவில் கிடக்கும் பத்துப் பதினொரு வாரத்துக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் விடுமுறை. பெற்றோர் வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது. கோடை முகாமுக்கு அனுப்பலாம் என்றால் வாரத்துக்குச் சில நூறு டாலர் கேட்பார்கள். பூங்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்றால் பதினோரு மணிக்கே சறுக்குமரம் தோசைக்கல்லாகிவிடும். டாலஸ் வட்டாரத்தில் 2011ஆம் ஆண்டில் மட்டும் 71 நாட்கள் வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது.

ஆகவே அதே வட்டாரத்துப் பிளேனோ நகரில் குடியிருக்கும் இக்கட்டுரையாளர், கோடையில் வாரம் ஒரு காலைப் பொழுதைச் சினிமாக் கொட்டகையிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கம்.

அமெரிக்காவில் இது ஊரறிந்த ஏற்பாடு. பெரிய தியேட்டர் நிறுவனங்கள் பல, கோடை விடுமுறையில் வாரத்தில் ஓரிரு நாள் காலை பத்து மணி வாக்கில், ஏற்கெனவே ஓடி முடிந்த குழந்தைகள் படங்களை அடிமாட்டு விலைக்குத் திரையிடுகின்றன. ரீகல் நிறுவனம் ஒரு காலத்தில் இலவசமாகவே காட்டியது. பிறகு பல ஆண்டுகள் ஒரு டாலர் வாங்கியது. அந்தக் காட்சிகளின் பெயர் ‘சம்மர் மூவி எக்ஸ்பிரஸ்’. சினிமார்க் நிறுவனத்தின் ‘சம்மர் மூவி கிளப்ஹவுஸ்’ டிக்கெட் 2024 கோடையில் ஒண்ணேமுக்கால் டாலர். அந்த நிறுவனத்தின் தலைமையகமே பிளேனோவில்தான் இருக்கிறது என்பதில் கட்டுரையாளருக்குச் சொந்த ஊர்க்காரன் சாதித்தது மாதிரி ஒரு பெருமை.

இதில் தர்மம் பாதி, கணக்கு பாதி. வாரநாள் காலையில் காலியாகக் கிடக்கும் அரங்கில் நாலு பேர் உட்கார்ந்தால் நஷ்டமில்லை. டிக்கெட் காசில் பெரும்பங்கு படம் எடுத்தவனுக்குப் போய்விடும். பாப்கார்ன் காசு கொட்டகைக்காரனுக்கே. உள்ளே போக ஒண்ணேமுக்கால் டாலர் கொடுத்தவர், கையில் வாளியோடு நிற்கும்போதுதான் தன் நிலைமையை உணர்வார்.

இரண்டு கோடைக்கு முன் கட்டுரையாளரின் அப்பாவும் அம்மாவும் ஆறு மாத விசாவில் வந்து இறங்கினார்கள். அப்பா ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர். ஊர் வேலூர். டெக்சாஸ் வெயிலைப் பற்றி மகன் பயமுறுத்தியபோது, “நூறு டிகிரியா? எங்க ஊர்ல அதுக்கு மார்கழின்னு பேரு” என்று முடித்துவிட்டார். அந்த வீராப்பு தியேட்டருக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் உறைந்துபோனது. ஏசி என்ற பெயரில் அங்கே இமயமலையை இறக்கி வைத்திருந்தார்கள். அம்மா சேலைத் தலைப்பைக் காதோடு சுற்றிக்கொண்டார். அப்பா மஃப்ளர் இல்லாத தன் விதியை நொந்துகொண்டார்.

அந்தக் குளிருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் கோடை என்றாலே தியேட்டர்காரர்களுக்கு ஈயோட்டும் காலம். புழுக்கத்தில் வேகக் காசு கொடுத்து யார் வருவார்கள்? 1925இல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரில் வில்லிஸ் கேரியர் குளிர்சாதனத்தைப் பொருத்தினார். முதல் நாள் வந்தவர்கள் நம்பிக்கையில்லாமல் கையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்களாம். இயந்திரம் வேலையைக் காட்டக் காட்ட, விசிறிகள் ஒவ்வொன்றாக மடிக்குப் போயின. மேலே உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த பாரமவுண்ட் முதலாளி அடால்ஃப் ஜூக்கர், ஜனங்களுக்கு இது பிடித்துப்போகும் என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து கோடையில் சினிமாவுக்குப் போவதற்குப் படம் ஒரு துணைக் காரணம்.

அப்பா, அம்மாவோடு போன முதல் நாள் படம் ‘மினியன்ஸ்’. அரங்கு முழுக்க மழலைக் கூட்டம். கோடை முகாம்களிலிருந்து ஒரே நிற டி-சட்டை போட்ட படைகள், கயிறு பிடித்த கன்றுக்குட்டிகள் போல வரிசையில் வந்தன. மஞ்சள் சட்டைப் படைக்கும் ஊதாச் சட்டைப் படைக்கும் இடம் பிடிப்பதில் எல்லைத் தகராறு. அப்பா ஒரு பழைய ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் பார்வையோடு அதை ரசித்தார்.

படம் தொடங்கியதும் அவருக்கு ஒரு ஆச்சரியம். “டேய், இவங்க பேசுறது எனக்குப் புரியலை. உனக்குப் புரியுதா?” புரியாது. யாருக்குமே புரியாது. மினியன்களின் பாஷை, பியர் காஃபின் என்ற பிரெஞ்சு இயக்குநர் தானே உருவாக்கித் தானே பேசியது. ஸ்பானிஷ், இத்தாலியன், பிரெஞ்சு எல்லாம் அதில் அவியலாகக் கிடக்கும். நடுவில் ‘தெரிமா காசி’ என்று சுத்த இந்தோனேசிய நன்றியும் வரும். காஃபினின் தாயார் என்.எச்.டினி, இந்தோனேசியாவின் புகழ்பெற்ற நாவலாசிரியை. ஆங்கிலம் தெரியாததால் பேத்தியின் பக்கத்தில் சற்றே கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த கட்டுரையாளரின் அம்மா, இங்கே எல்லாரும் தன்னைப் போலத்தான் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மினியன்களுக்கு வாழைப்பழம் என்றால் உயிர். திரையில் பழம் தெரிந்ததுதான் தாமதம், வேலூர்க் குரல் ஒன்று அரங்கில் கணீரென்று கேட்டது:

“அந்த இன்னொரு பழம் எங்கே?”

1989இல் வெளிவந்து ஓராண்டு தாண்டி ஓடிய ‘கரகாட்டக்காரன்’, முப்பது சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு டெக்சாஸில் மறுபடி ரிலீஸானது அப்படித்தான். ஒன்பது வயதுப் பேத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தாத்தா இரண்டு நிஜப் பழங்களை வைத்து, கவுண்டமணியாகவும் செந்திலாகவும் மாறி மாறி நடித்துக் காட்டினார். ஒரு பழத்தை விழுங்கிவிட்டு, மிச்சத்தைக் காட்டி “அதாண்ணே இது” என்று சாதிக்கும் தத்துவம் அந்தக் குழந்தைக்கு ஒரே பாடத்தில் பிடிபட்டது. அடுத்த வாரமே, இரண்டு விடுமுறை வீட்டுப்பாடத் தாளில் ஒன்று எங்கே என்று அவளுடைய அம்மா கேட்டபோது, அவள் இருந்த ஒரு தாளை நீட்டினாள்.

கட்டுரையாளரின் கணிப்பு இது: மலிவு டிக்கெட்டில் வசனம் அதிகம் ஒட்டும். மாலைக் காட்சியில் பதினைந்து டாலர் கொடுத்தவன், காசு வீணாகக்கூடாதே என்று மூச்சை அடக்கிக் கதையைப் பின்தொடர்கிறான். காலைக் காட்சியில் பாதிப் பேர் படத்தை ஏற்கெனவே வீட்டில் நாலு தடவை பார்த்தவர்கள். பாத்திரம் வாயைத் திறப்பதற்குள் இருநூறு குழந்தைகள் அதே வசனத்தைக் கத்திவிடுகின்றன. தமிழ்நாட்டில் தரை டிக்கெட்டும் இதே வேலையைத்தான் செய்தது. மிச்சத்தை வானொலி ஒலிச்சித்திரமும் திருவிழா ஒலிபெருக்கியும் பார்த்துக்கொண்டன. அப்பா ‘திருவிளையாடல்’ படத்தைக் கண்ணால் பார்த்தது இரண்டு முறை. மாரியம்மன் கோயில் குழாயில் காதால் பார்த்தது நாற்பது முறை இருக்கும். சிவாஜியின் பங்கும் நாகேஷின் பங்கும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அந்தப் படத்துத் தருமி கேள்வி பதில்தான் பிறகு பாப்கார்ன் வரிசையில் பொழுதுபோக்காயிற்று. தாத்தா கேட்க, கட்டுரையாளர் பதில் சொல்வார். சேர்ந்தே இருப்பது? பாப்கார்னும் தாகமும். சேராதிருப்பது? பர்ஸும் பாப்கார்னும். பார்த்து ரசிப்பது? அடுத்தவர் வாங்கிய பெரிய வாளி.

அம்மா இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. அவர் கைப்பையில் வேலூர் முறுக்கு இருந்தது. வெளித்தின்பண்டம் கூடாது என்று வாசலில் எழுதியிருந்ததை அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. இடைவேளையில் பிரிக்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்தார். அமெரிக்கப் படத்தில் இடைவேளையே கிடையாது என்பதையும் யாரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, திரையில் எல்லாரும் மூச்சுவிடாமல் ஒளிந்திருந்த அமைதியான கட்டத்தில், ஒரு கடி கடித்தார். மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது.

ஆனால் ‘குங்ஃபூ பாண்டா’ பார்த்த காலையில் அம்மாதான் கதாநாயகி. 2008இல் வந்த அந்தப் படத்தில் நூடுல்ஸ் கடை வாத்து, தன் சூப்பின் ரகசியப் பொருள் என்னவென்று மகனிடம் கடைசியில் உடைக்கும்: அப்படி ஒரு பொருளே இல்லை. பேத்தி காதோடு இதைத் தமிழில் சொன்னதும், அம்மா தலையை ஆட்டினார். “நான் சொன்னா உங்கம்மா நம்ப மாட்டேங்கிறா.” ரசப்பொடியின் அளவை மருமகள் எட்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கிடைக்கும் பதில் ‘எல்லாம் ஒரு கைதான்’. இப்போது அந்த வாத்தும் மாமியார் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

‘மடகாஸ்கர்’ பென்குவின் தலைவன் சொல்லிக்கொடுத்த தந்திரம் அப்பாவுக்கு மிகவும் உதவியது. எதிரி பார்க்கும்போது சிரித்துக்கொண்டே கையாட்ட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். காலை நடையில் முன்பின் தெரியாத அமெரிக்கர்கள் எல்லாம் வணக்கம் சொல்வதும், நலம் விசாரிப்பதும், பதிலுக்கு நிற்காமல் போய்விடுவதும் அவரைக் குழப்பிக்கொண்டிருந்தது. “நல்லா இருக்கியான்னு கேக்குறான், சொல்றதுக்குள்ள ஓடிடுறான்.” பென்குவின் வந்தபிறகு பிரச்சினை தீர்ந்தது. சிரிப்பு, கையாட்டல், நடை.

ஒருநாள் அதே நடையில் அவர் வழி தவறினார். தெரு எல்லாம் ஒரே மாதிரி, வீடெல்லாம் ஒரே செங்கல். அரைமணி நேரத்தில் மீட்டு வந்தபிறகு, வீட்டு விலாசத்தை மனப்பாடம் செய்ய வைப்பது என்று குடும்பம் தீர்மானித்தது. பேத்திதான் ஆசிரியை. கதவு எண்ணையும் தெருப் பெயரையும் அவர் உருப்போடுவதைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு. ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடும் நீல மீன் டோரி, சிட்னி பல்மருத்துவரின் விலாசத்தை மட்டும் விடாமல் ஒப்பிக்குமே, அதே கோலம். படத்தை வீட்டில் போட்டுக் காட்டினாள். அப்பா பத்து நிமிடத்தில் தீர்ப்பு சொன்னார்: “இது நம்ம கஜினியைப் பார்த்து எடுத்தது.” நீமோ வந்தது 2003இல், தமிழ் ‘கஜினி’ 2005இல் என்று கட்டுரையாளர் ஆதாரத்தோடு வாதாடினார். ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் ஆதாரம் செல்லவில்லை.

வசனத்துக்கு ஆயுள் எவ்வளவு என்று எந்தத் தயாரிப்பாளராலும் சொல்ல முடியாது. 2001இல் ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் நேசமணியாக வந்த வடிவேலுவின் தலையில் விழுந்த சுத்தியலுக்கு 2019 மே மாதக் கடைசியில் வலியெடுத்து, நேசமணி பிழைக்க வேண்டும் என்று ட்விட்டர் உலகமே வேண்டிக்கொண்டது. அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2005இல் தேர்ந்தெடுத்த நூறு வசனங்களில் நான்காவது இடம் 1939ஆம் வருடத்துப் படம் ஒன்றுக்குக் கிடைத்தது: ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’ டோரத்தி, நாம் இப்போது கான்சாஸில் இல்லை போலிருக்கிறதே என்று தன் நாய்க்குட்டியிடம் சொல்வது. பிளேனோ வீட்டில் அது ‘இது காட்பாடி இல்லை கண்ணு’ என்று மாறி, சாம்பாரில் உப்பில்லாத நாளிலிருந்து மின்சாரக் கட்டணம் வரும் நாள்வரை எல்லாவற்றுக்கும் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது.

வரும் கோடையில் பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பத்து மணிக் காட்சிக்கு ஒன்பதரைக்கே போய்விடுங்கள். டி-சட்டைப் படைகள் வந்துவிட்டால் நல்ல இடம் கிடைக்காது. ஸ்வெட்டர் கட்டாயம். பெரியவர்களிடம் இடைவேளை கிடையாது என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். கைப்பையைச் சோதிப்பதும் நல்லது.