பல்ப்பர் வாடை

சேலத்து வெயிலுக்குப் பயந்து, ஓய்வு பெற்றதும் ஏற்காட்டில் வீடு கட்டிக்கொண்டு ஏறிவிடுகிறவர்களில் பலர் ரோஜா வளர்ப்பார்கள். அவர்களால் யாருக்கும் தொல்லையில்லை. பார்க்கப் போனால் ஒரு பதியன் கொடுத்து அனுப்புவார்கள். மீன் தொட்டி வைக்கிறவர் வேறு ரகம். அவர் கையில் எதுவும் கொடுத்தனுப்ப மாட்டார். ஆனால் நீங்கள் வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றும்போது, அவர் வீட்டிலிருந்து ஏதோ ஒன்று கூடவே வந்திருப்பது தெரியும்.

1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் இறங்கினால் ஜன்னலைச் சாத்துவது வழக்கம். நம்மவர் ஐப்பசியில் சாத்தினால் தை பிறந்துதான் திறப்பார். அப்படி மூடிய ஹாலின் நடுநாயகமாக ஒரு இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. அதில் 8 தங்க மீன், 1 கறுப்பு மீன். வாஸ்துக்காரர் சொன்ன கணக்கு அது. தொட்டி 60 லிட்டர் சொச்சம்தான் கொள்ளும், வளர்ந்தால் மீன் ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும் என்பதையெல்லாம் வாஸ்துக்காரர் சொல்லவில்லை.

உள்ளே நுழைந்ததும் உங்கள் முகம் மாறுவதைக் கவனித்துவிடுவார். "என்னங்க, பல்ப்பர் வாடை அடிக்குதா?" என்று அவரே முந்திக்கொள்வார். கார்த்திகை, மார்கழியில் இந்தப் பதில் செல்லுபடியாகும். காபிப் பழத்தைப் பறித்து, பல்ப்பரில் தோல் நீக்கி, கொட்டையைத் தொட்டியில் போட்டுப் புளிக்கவிடும் காலம். எஸ்டேட் பக்கம் புளித்த வாடை வரத்தான் செய்யும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தவர். இரண்டு நூற்றாண்டு கழித்துத் தன்மேல் இப்படி ஒரு பழி விழும் என்று அந்த மனிதர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார். பல்ப்பர் ஓடாத மே மாதத்தில் போனால், கோடை விழாவுக்கு வந்த கூட்டம் காரணம். ஜூன் பிறந்தால் பலாப்பழம். மழை பிடித்துக்கொண்டால் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க். வருஷம் முழுக்க அவரிடம் ஒரு குற்றவாளி தயாராக இருக்கிறான். தொட்டி மட்டும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது.

அவர் பொய் சொல்லவில்லை, பாவம். எந்த வாடையானாலும் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதற்குப் பழகி, கணக்கில் எடுப்பதையே நிறுத்திவிடும். அவர் நாள் முழுக்க ஹாலில் சாய்வு நாற்காலியில் இருக்கிறவர். வீட்டம்மா அப்படியல்ல. கடைவீதிக்கும் தோட்டத்துக்கும் போய்வருகிறவர். ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் அந்த வாடையைப் புதிதாகச் சந்திக்கிறார்.

"ஏங்க, உங்க மீனு நாறுதுங்க."

"மீனுன்னா கவுச்சி இருக்காதா? மல்லிப்பூவா வளர்க்கறேன்?"

இந்தப் பதிலில் இருக்கும் நம்பிக்கைதான் அவருடைய முழு மீனியல். நலமாக இருக்கும் மீன் தொட்டி நாறாது. குனிந்து முகர்ந்தால் மழை நனைத்த மண்வாசனை லேசாக வரும், அவ்வளவுதான். அவர் வீட்டில் நாறுவது மீனல்ல, பாசம். ஆள் அரவம் தெரிந்தால் மீன்கள் கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து மூடும். அவர் நெஞ்சு இளகிவிடும். பேப்பர் வருவதற்குமுன் ஒரு பிடி தீனி, பேப்பர் படித்துக் கோபம் வந்தால் ஒரு பிடி, பேரன் வந்தால் அவன் கையால் ஒரு பிடி, விருந்தாளிக்கு வேடிக்கை காட்ட ஒரு பிடி. பந்தியில் போதும் போதும் என்று கையால் இலையை மறைத்தாலும் விரலிடுக்கில் சாம்பார் ஊற்றும் பெரியப்பாவைப் போன்ற அன்பு. மீனுக்கு மறைக்கக் கையும் கிடையாது.

மிஞ்சின தீனி கூழாங்கல் இடுக்கில் இறங்கி அழுகும். மீனின் கழிவோடு சேர்ந்து அமோனியாவாகும். ஒழுங்கான தொட்டியில் இதைக் கவனிக்க ஆள் உண்டு. ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் நைட்ரேட்டும் குறைந்துவிடும். ஆனால் மார்கழி இரவில் ஏற்காடு 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது மீனுக்குச் செரிமானம் மந்தம், பாக்டீரியாவுக்கு வேலை மந்தம். மந்தமாகாதது தீனி டப்பா திறக்கும் கை ஒன்றுதான். மணல் கெட்டியாகப் படிந்து காற்றோட்டம் செத்த இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு சேரும். பேரன் ஒருநாள் குச்சியை விட்டுக் கிண்டினான் என்றால் ஹால் முழுக்க அழுகிய முட்டை.

மழைக்காற்றில் சில்வர் ஓக் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் வர நேரமாகும். இன்வெர்ட்டர் இருக்கிறது. அதில் டி.வி. ஓடும், ஃபில்டர் மோட்டார் ஓடாது. தண்ணீர் ஓட்டம் நின்ற ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் சாகும். கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீரை மோட்டார் பொறுப்பாகத் தொட்டியில் கொண்டுவந்து ஊற்றும். அன்றைக்கும் செப்டிக் டேங்க்தான் திட்டு வாங்கும்.

வைத்தியம் செய்யாமல் இல்லை. சாம்பிராணி போடுவார், ரூம் ஸ்பிரே அடிப்பார். ஏர் பம்பு அறையின் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதால், ஸ்பிரேயில் பாதி மீனுக்குப் போய்ச் சேரும். வாடையை உறிஞ்சும் என்று ஆக்டிவேட்டட் கார்பன் வாங்கிப் போட்டிருக்கிறார். நல்ல பொருள்தான், ஆனால் ஒரு மாதத்தில் அதன் சக்தி தீர்ந்துவிடும். வருஷக் கணக்கில் அதே பை கிடக்கிறது. சம்பந்தி வருகிறார் என்று தகவல் வந்தால் மட்டும் மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லை ப்ளீச்சிங் பவுடரில் தேய்த்து, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து வைப்பார். வேலைக்கு இருந்த பாக்டீரியாக்களை இப்படிக் கூண்டோடு தொலைத்தால் திரும்பச் சேர நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். சம்பந்தி வரும் அன்று தொட்டி பளபளக்கும். அவர் தங்கினால் சில நாளில் தண்ணீர் பால்போல் கலங்குவதையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஒருநாள் எண்ணிப் பார்த்தால் 8 தான் இருக்கும். ஒன்பதாவது மரக்கட்டைக்குப் பின்னால் ஊறிக் கிடக்கும், எத்தனை நாளாகவோ. அவர் கலங்க மாட்டார். "நமக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு" என்பார். மறுநாள் பஸ் பிடித்துச் சேலம் போய், ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் புது மீனோடு திரும்புவார். 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸுக்குள் ஆட்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருவார்கள். பைக்குள் இருப்பது அசராமல் வரும். பாவம், அதற்கு இனிமேல்தான் இருக்கிறது.

உங்களையும் அவர் ஒருநாள் மலைக்கு அழைப்பார். போங்கள், காபி பிரமாதமாக இருக்கும், வராண்டாவில் உட்கார்ந்து குடியுங்கள். கிளம்பும்போது தீனி டப்பாவை நீட்டி, "நீங்களும் ஒரு பிடி போடுங்க" என்பார். வாங்கி, அவர் பார்க்காத நேரத்தில் பைக்குள் வைத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கிவிடுங்கள். வளர்ந்த தங்க மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது.