எஸ்ஸு போட மறந்த மவராசனுக்கு

ஏலே பேராண்டி, பி.ஏ. இங்கிலீஷ் படிக்கப் போறியாமே, ஒங்கம்மை சொன்னா. நல்ல சங்கதிதான். ஏம்ல அந்தப் பாடம்னு கேட்டதுக்கு, "அதுலதான் கணக்கு கெடையாது"ன்னியாம். எய்யா, இதவிடப் பெரிய தகுதி ஒருத்தனுக்கு என்ன வேணும்? சேக்ஸ்பியரும் கணக்குக்குப் பயந்துதான் நாடகம் எழுதப் போயிருப்பாரு.

ஆனா ஒண்ணு. போயி ஒக்காந்த மறுமாசமே டவுன் பஸ் கண்டக்டர்கிட்ட இங்கிலீசுல மல்லுக்கு நிக்கலாம்னு நெனச்சியன்னா, அது வேற கடை. முப்பது நாள்ல பேசிரலாம்னு பஸ் ஸ்டாண்டுல புஸ்தகம் தொங்குதுல்லா, அத வாங்கிக்கோ. பி.ஏ.ன்னா கவிதை, நாடகம், நாவல், மொழியியல், விமர்சனம். 1400ல செத்துப்போன சாசர்கிட்ட இருந்துகூட ஆரம்பிப்பாவ. கேன்டர்பரி கோயிலுக்கு யாத்திரை போனவனுவ வழிநெடுக மாத்தி மாத்திச் சொல்லுத கதை அது. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போற நம்மாளுவ பேசுததக் கேட்டவனுக்கு அது ஒண்ணும் அந்நியமா இருக்காது. கோளு, குசும்பு, பொண்டாட்டி புராணம் எல்லாம் அங்கயும் உண்டு. படிச்சா ருசிதான். படிக்கணும்லா! நோட்ஸ் வாங்கி உருப்போட்டு பாஸாகலாம்னு எவனாவது ஒனக்குச் சொல்லியிருப்பான். ஆகலாம். ஆனா மூணு வருசம் கழிச்சும் கண்டக்டர்கிட்ட சில்லறைய தமிழ்லதான் கேப்ப.

காலேஜுக்கு நீ எழுதுன கடுதாசிய ஒங்கம்மை பெருமையாக் கொண்டாந்து காட்டுனா. நான் அந்தக் காலத்துப் பதினோராங் கிளாஸுலே, ரென் அண்ட் மார்ட்டின் புஸ்தகத்த வச்சு வாத்தியார் மண்டையில தட்டித் தட்டி ஏத்துன தலை இது. 'மைசெல்ஃப்'னு தொடங்கி ஒம் பேர எழுதியிருக்க. ஏம்ல, 'ஐ ஆம்'னு சொன்னா ஒம் பேரு கொறஞ்சா போயிரும்? அடுத்தாப்புல 'ஐ ஆம் ஹேவிங் ஒன் சிஸ்டர்.' தங்கச்சி ஒனக்கு எப்பவும் தங்கச்சிதானல? இப்பத்திக்கு மட்டும் வச்சிருக்கியா? 'ஐ ஹேவ் எ சிஸ்டர்' போதும். பொறவு 'மை ஃபாதர் ஒர்க் இன் தி ஃபீல்டு.' வெயில்ல கெடந்து அந்த மனுசன் ஒழைக்கான், அவனுக்கு ஒரு எஸ்ஸு போட ஒனக்கு மனசு வரலியே! 'ஒர்க்ஸ்'லே, 'ஒர்க்ஸ்'.

வந்தான், வந்தாள், வந்தார், வந்ததுன்னு ஆளப் பாத்து வால மாத்துத மொழியில பொறந்தவன் நீ. நாலு வயசுலயே அது தன்னால வந்துட்டு. வெள்ளக்காரனுக்கு அந்தப் பாடெல்லாம் கெடையாது. ஹி, ஷி, இட்டுன்னு மூணு பேருக்கு நிகழ்காலத்துல மட்டும் ஒரே ஒரு எஸ்ஸு. அதையும் தொலைச்சிட்டு நிக்க.

அப்புறம் 'ஐ டிட் நாட் அப்ளைடு லாஸ்ட் இயர்'. இந்த ஒரு தப்ப மாவட்டத்துல பாதிப்பேரு பண்ணுதாவ, அதனால கொஞ்சம் நின்னு சொல்லுதேன். டிட்டுன்னு ஒருத்தன் வந்துட்டாம்னா இறந்தகாலம் அவன் பொறுப்பு. பின்னால வார வினைக்கு அந்தச் சொமை கெடையாது. 'டிட் நாட் அப்ளை', 'டிட் நாட் கோ', 'டிட் நாட் சீ'. ஒங்கப்பன் நேத்து வந்தில்லைன்னா சொல்லுவ? வரலைன்னுதான சொல்லுவ. மலையாளத்தான் வந்தில்லைன்னு சொல்லுவான், செங்கோட்டையத் தாண்டுனா கேக்கலாம், அத விடு. கேள்விக்கும் இதே கதைதான். 'டிட் யூ வென்ட்'டுன்னு கேட்டுராத, 'டிட் யூ கோ'ன்னு கேளு.

'எ'யா 'அன்'னாங்குத தகராறும் அப்பிடித்தான். எழுத்தப் பாக்காத, காதுல விழுதத கவனி. யுனிவர்சிட்டி 'யு' எழுத்துல தொடங்குனாலும் 'யூ'ன்னு மெய்யாத்தான் ஒலிக்கி, அதனால 'எ யுனிவர்சிட்டி'. மணிநேரத்தச் சொல்லுத 'அவர்'ல முன்னால நிக்கிற 'எச்' வாயத் தொறக்காது, அதனால 'அன் அவர்'. ஓர் ஊர், ஒரு மரம்னு தமிழ் வாத்தியார் சொல்லித்தந்தத மறந்துட்டியா? 'தி' இருக்கே, அதுக்குத் தமிழ்ல சோடி கெடையாது. எங்க போடணும், எங்க விடணும்னு சூத்திரம் படிச்சு மட்டும் வராது. பக்கம் பக்கமா வாசிச்சாத்தான் கைவரும். வாசிக்கச் சொன்னாத்தான் ஒனக்கு கண்ணக் கட்டிட்டு வருமே!

இங்கன இடையன்குடியில ஒக்காந்து கால்டுவெல் நம்ம பாஷைய தோண்டித் துருவி, 1856ல திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் போட்டாரு. சாயர்புரத்துல பள்ளிக்கூடம் நடத்துன போப்பையரு 1886ல குறள இங்கிலீசுல கொண்டாந்தாரு. கடல்கடந்து வந்து ழகரத்துக்கு நாக்க மடக்குன மனுசங்க நடந்த மண்ணுல நின்னுக்கிட்டு, "எனக்கு இங்கிலீஷ் வராது, நான் தமிழ் மீடியம்"ங்க. நல்லாருக்குலே ஒன் ஞாயம்.

சரி, சீட்டு சமாசாரம். ஒனக்கு ஒரு அதிர்ஷ்டம். அரசு கலைக் கல்லூரியில பி.ஏ. இங்கிலீசுக்குத் தரவரிசை போடுதது பிளஸ் டூ இங்கிலீஷ் மார்க்க மட்டும் வச்சுத்தான். தமிழ் எடுக்கவனுக்குத் தமிழ் மார்க்கு. மத்த பாடத்துக்குத்தான் நாலு முக்கியப் பாடத்தையும் கூட்டி 400க்குப் பாக்காவ. நீ பயந்து ஓடுத கணக்கு அங்கன எட்டிக்கூடப் பாக்காது. ஆனா இங்கிலீசுல நீ எத்தனைன்னு ஒங்கம்மை இன்னும் எங்கிட்ட சொல்லல, நானும் கேக்கல. விண்ணப்பத்துக்கு 48 ரூவா, பதிவுக்கு 2 ரூவா, ஆக 50தான். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளையளுக்கு அந்த 2 ரூவா மட்டும். இதுக்கு மேல "ஆளிருக்கு, சீட்டு வாங்கித் தாரேன்"னு கூலிங் கிளாஸ் போட்டு ஒருத்தன் வருவான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரு, அதுக்குமேல சல்லிக்காசு குடுக்காத. மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு ஆசப்பட்டா க்யூட்டுன்னு நுழைவுத் தேர்வு எழுதணும். சரியான விடைக்கு 5, தப்புக்கு ஒண்ணு கழிப்பான். பிங்கி பிங்கி போட்டு டிக்கு அடிக்க ஒன் வித்தை அங்க செல்லாது.

சேரப் போற எடத்துல நீ என்ன கேப்பன்னு எனக்குத் தெரியும். "சார், இதுல ஸ்கோப் இருக்கா?" ஏம்ல, அந்தத் துறையில சம்பளம் வாங்குத வாத்தியார் இல்லைன்னா சொல்லுவாவ? கேக்க வேண்டியது வேற. அரசு உதவி வாங்குத தனியார் காலேஜுன்னா, இந்த சீட்டு எய்டடா, செல்ஃப் பைனான்ஸான்னு மொதல்ல கேளு. ஒரே காம்பவுண்டு, ஒரே பாடம், ஒரே பரீட்சை, ஆனா ஃபீஸு ரெண்டு. மொதல் வருசம் கட்டிட்டு ரெண்டாம் வருசம் ஆட்டக் கொண்டுபோயி சந்தையில நிப்பாட்டுத குடும்பத்த நான் பாத்திருக்கேன். ஷிப்ட் காலையா மத்தியானமா, கடைசி பஸ்சு இருக்கான்னு கேளு. சிலபஸ் தாள ஒண்ணு வாங்கிப் பாரு. லைப்ரரியில புஸ்தகத்த வீட்டுக்குத் தாராவளா, இல்ல கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சிருக்காவளான்னு ஒரு எட்டு போயிப் பாரு. பேரையும் இனிஷியலையும் பத்தாங்கிளாஸ் சான்றிதழ்ல இருக்கிற மாதிரியே ஃபாரத்துல எழுது. ஸ்டைலா மாத்துனியன்னா பொறவு தாலுகா ஆபீசுக்கு நாயா அலைவ.

படிச்சு முடிச்சா பி.எட்., டெட்டுன்னு வாத்தியார் வழி ஒண்ணு. இல்ல குரூப் 4 எழுதுவேம்ப. எழுது. ஆனா அங்க மொதல்ல தமிழ்த் தகுதிப் பகுதி நிக்கி. அதுல 40 சதவீதம் எடுக்கலைன்னா மத்தத திருத்தவே மாட்டாவ. மூணு வருசம் இங்கிலீஷ் படிச்சவனா இருந்தாலும் தமிழ்ல தேறணும். அதனால தமிழ்ப் புஸ்தகத்தப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுராத.

நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போ. எய்டடான்னு கேக்கதத் தமிழ்லயே கேளு, அவ்வோளும் தமிழ்லதான் பதில் சொல்லுவாவ. கடுதாசி மட்டும் இங்கிலீசுல இருக்கட்டும். ஒங்கப்பனுக்குச் சேர வேண்டிய எஸ்ஸப் போட்டுட்டுப் போ.