ஒட்டுப் போர்வைக்கு அப்புச்சி ரோசனை

ஏங்கண்ணு, போன்ல ஒரு கட்டுத் துணி காட்டுனியே, அதுக்கு நீ சொன்ன வெலை என்ற காதுல சரியா வுழுகலைன்னே வெச்சுக்கறேன். புதுத் துணியில நூறு வருசப் பூவ அச்சடிக்கறான். அதை மிசின்ல அஞ்சங்குலச் சதுரமா வெட்டி, நாடாக் கட்டி விக்கறான். நீ வாங்கி, வெட்டுனதை மறுக்கா ஒண்ணாத் தைக்கறே. வெட்டுனவனுக்குக் காசு, தைக்கறவளுக்கு முதுகுவலி. வயசு மட்டும் இருந்தா இந்த யேவாரத்த நானே பாத்திருப்பேன்.

அந்தப் பூ எங்கிருந்து வந்துச்சுன்னு உன்ற தம்பி படிச்சுச் சொன்னான். நீ இருக்கற அமெரிக்காவுல 1930-கள்ல மாவும் கோழித் தீவனமும் பருத்திச் சாக்குல வருமாமா. கையில காசில்லாத காலம். சாக்க ஊறவெச்சு, மில்லுக்காரன் பேரு அழியறவரைக்கும் தேச்சு, பொம்பளைங்க கவுனும் சட்டையும் தெச்சுக்கிட்டாங்க. மில்லுக்காரன் சும்மா இருப்பானா? சாக்குலயே பூவும் கட்டமும் அச்சடிச்சான். தன்ற பேர, தண்ணியில நனைச்சா உரிஞ்சு வர்ற காயிதத்துல ஒட்டிக்கிட்டான். அதுக்கப்பறம் சோதனை தீவனம் வாங்கப் போன ஆம்பளைங்களுக்குத்தான். ஒரு கவுனுக்கு மூணு சாக்கு வேணும், மூணும் ஒரே பூவா இருக்கோணும். அந்தப் பூ அடிமூட்டையில கெடந்தா மேல இருக்கறதையெல்லாம் எறக்கோணும். கோழிக்கு எந்தத் தீவனம் புடிக்கும்னு யாரும் கேக்கலை.

கவுனுக்குப் போக மிஞ்சுன துண்டு போர்வைக்குப் போச்சு. அவ மிஞ்சுனதைத் தெச்சா. நீ மிஞ்சட்டும்னே வாங்கறே!

அலபாமாவுல ஜீஸ் பெண்டுன்னு ஒரு ஊரு, ஆறு வளைச்சுக்கிட்டு ஓடற எடம். அங்க கறுப்பினக் குடியானவப் பொம்பளைங்க காட்டுவேலைக்குப் போட்டு நைஞ்ச கால்சட்டையும் சட்டையும் கிழிச்சுப் போர்வை தெச்சாங்க. 1942-ல மிசோரி பெட்வேங்கற அம்மா, செத்துப்போன புருசனோட வேலைத்துணியிலயே ஒண்ணு தெச்சுது. 2002-ல அந்தூருப் போர்வைங்கள ஹூஸ்டன் மியூசியத்துல செவுத்துல மாட்டுனாங்க. 2006-ல பத்துத் தினுசா ஸ்டாம்பும் வந்துது. இதைக் கேலி பண்ண எனக்கு வாய் வரலை. முட்டி வெளுத்து, பாக்கெட்டப் பிரிச்ச எடம் மட்டும் கருநீலமா நிக்குது பாரு, அதை எந்தக் கடைக்காரன் அச்சடிப்பான்?

சரி, உன்ற போர்வைக்கு வர்றேன். தையலுக்குக் கால் அங்குலம் வுடு. கால்னா கால்தான். துண்டுக்குத் துண்டு நூலளவு தப்புனாலும் வரிசை முடியறப்ப மூலை மூலையோட சேராது. துண்டுகளப் பரப்பி வெச்சுக் கண்ண இடுக்கிப் பாரு. எல்லாம் ஒரே மப்பாத் தெரிஞ்சா வெளுப்பும் கருப்பும் கலக்கலைன்னு அர்த்தம். என்றாட்டக் கண்ணுல புரை இருந்தா இடுக்கற சோலியும் மிச்சம்.

செவப்பும் நீலமும் மொதல்ல ஒரு வெள்ளைத் துண்டோட ஊறட்டும், சாயம் போகுதான்னு தெரிஞ்சுபோகும். நம்ம மெட்ராஸ் கட்டத்துணி உங்க ஊருக்கு வந்தப்ப சாயம் போச்சு. வித்தவன் அசரலை, ‘சாயம் போறதுக்கு கேரண்டி’ன்னே வெளம்பரம் பண்ணி வித்துப்போட்டான். அந்தச் சாமர்த்தியம் உனக்கு வராது கண்ணு, நீ ஊறவெச்சுப்போடு.

பனியன் துணி அனுப்பச் சொன்னே. திருப்பூர்ல கட்டிங் வேஸ்டுக்குப் பஞ்சமா? ஆனா அது இழுத்தா நீளும், தறித்துணி நீளாது. ரெண்டையும் ஒட்டுக்காத் தெச்சா பொரிச்ச அப்பளமாட்ட முறுக்கிக்கும். அனுப்பமாட்டேன்.

உன்ற பீரோவத் தொற. மாப்பிள்ளையோட அந்தக் கட்டம் போட்ட சட்டை இருக்குதல்ல, காலர் நைஞ்சது? முதுகுப் பக்கத்த எடுத்துக்க, அங்கதான் துணி தெம்பா இருக்கும். அக்குள் பக்கம் வேண்டாம். இழுத்துப் பாத்து, கிழியாததை மட்டும் வெட்டு. மாப்பிள்ளைகிட்டக் கேட்டுட்டு வெட்டறது மரியாதை. கேட்டா குடுக்கமாட்டாருன்னு தோணுச்சுன்னா, அவரு ஆபீசு போனப்பறம் வெட்டு. அப்புச்சிதான் சொன்னாருன்னு மட்டும் சொல்லிப்போடாத.