சுரண்டறதுக்கு முன்னால அப்பாரைக் கேளு

ஏங்கண்ணு, மரத்தரை மங்கிப்போச்சு, மெஷின் வாடகைக்கு எடுத்து நானே சுரண்டிப் பாலிஷ் போடப்போறேன்னு நம்ம அம்மிணிகிட்டச் சொன்னயாமா? ரொம்பச் சந்தோசம். சாப்பிட்ட தட்டத்தை இக்கட்ட இருந்து அக்கட்ட நகத்தாத பையன், தரையையே சீவியெடுக்கறேன்னு கெளம்பினா அப்பாருக்குப் பெருமையா இருக்காதா? தாராளமாச் செய்யி. அதுக்கு முன்னால இந்தக் கெழவன் நாயத்தைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போ. மெஷினுக்கு நாள் வாடகை. என்ற பேச்சுக்கு வாடகை கெடையாது.

மொதல்ல, உன்ற தரை மரந்தானான்னு பாரு. கோவிச்சுக்காதே சாமி. வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பற வயசு உனக்கு. சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கம் அடுக்குமாடி ஊட்டுல 'வுட்டன் ஃப்ளோரிங்'னு சொல்லிப் போடறதுல பலது லேமினேட். மரநாரைப் பசை போட்டு அழுத்தின அட்டை, அதுக்கு மேல தேக்குமரத்தோட போட்டோ, போட்டோ அழியாம இருக்க ஒரு கெட்டிப் பூச்சு. அதுல மெஷினை ஓட்டினா மொதச் சுத்துலயே போட்டோ போயிரும், அட்டை பல்லைக் காட்டும்.

கண்டுபுடிக்கறது பெரிய வித்தை ஒண்ணுமில்லை. முட்டி போட்டுக் குனிஞ்சு பாரு. பலகையில கருப்பா ஒரு கணு இருக்குமல்ல, அதுக்குப் பக்கத்துல ஒரு கீத்து? அதே கணு, அதே கீத்து, நாலு பலகை தள்ளி இன்னொருக்கா வந்துச்சுன்னா அது மரமில்லை, அச்சாபீசு. ஆண்டவன் ஒரே கணுவை ரெண்டு எடத்துல வெச்சதில்லை.

ரெண்டாவது ரகம் எஞ்சினியர்டு பலகை. மேல நெசமான மரம் 2 எம்.எம்.ல இருந்து 6 எம்.எம். வரைக்கும், கீழ பிளைவுட்டு. மேல்மரம் 2 எம்.எம்.னா சுரண்டற ஆசையையே மறந்துரு. 4, 5 இருந்தா ஒருக்கா, ரெண்டொருக்கா தாங்கும். மூணாவது, அசல் முழுப்பலகை, 18, 20 எம்.எம். கனம். அதைப் பாத்தும் மெதப்புல இருக்காதே. பலகைக்குப் பலகை நாக்கும் காடியும் வெச்சுக் கோத்திருப்பாங்க. அந்த நாக்குக்கு மேல இருக்கற மரந்தான் உன்ற கணக்குல வரும். அதுவும் போச்சுன்னா பலகையே கழண்டு வந்துரும்.

தரையைச் சுரண்டறது பூமி வித்துச் சாப்படற மாதிரி கண்ணு. ஒவ்வொருக்காவும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது, ஆனா வித்த அன்னிக்கு ஊடு பளபளன்னுதான் இருக்கும். நம்ம பங்காளிக எத்தனை பேரு அவினாசி ரோட்டோரத்துல அப்படிப் பளபளன்னு இருந்தாங்கன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

அப்பறம், நெசமாவே சுரண்டணுமான்னு கேட்டுக்கோ. ஆளு நடமாடற எடத்துல நாலு சொட்டுத் தண்ணி உட்டுப் பாரு. சொட்டு உருண்டையா நின்னா பூச்சு உசுரோட இருக்குது, மேல்மினுக்குத்தான் போயிருக்குது. நைசான உப்புத்தாள்ல லேசாத் தேச்சு, தூசியைத் தொடைச்சு, ஒரு கோட்டு பாலிஷ் அடிச்சாத் தீந்துச்சு. கொஞ்ச நேரத்துல தண்ணி உள்ள எறங்கி மரம் கறுத்தாத்தான் பூச்சு செத்துப்போச்சுன்னு அர்த்தம். மெஷினுக்குச் சோலி அப்பத்தான். வாடகைக்கு உடறவன் இந்தச் சொட்டுத்தண்ணி வெவகாரத்தை உனக்குச் சொல்லமாட்டான். அவனும் பொழைக்கணுமல்ல.

நம்ம பெரியவங்களுக்கு மரத்தோட அருமை தெரியும். அதான் அதைக் காலுக்கடியில, மண்ணு மேல போடலை. ஆசாரத்துக்குச் சாணி மொழுகின தரை, காசிருந்தா சுண்ணாம்புக் காரை. மரப்பலகை மச்சுக்குத்தான். மச்சுல தண்ணி பொழங்கறதில்லை, செல்லு அண்டறது கம்மி, கீழயும் மேலயும் காத்து. வெள்ளைக்காரன் மலைமேல பங்களா கட்டி மரத்தரை போட்டப்பக்கூட, தரைக்கடியில காத்துப் போக எடம் உட்டான். கீழ்மாடிக்காரன் எவனாவது வெறும் கான்கிரீட்டு மேலயே பலகை போடறேன்னு சொன்னா, அடியில ஈரம் ஏறாம ஷீட்டு விரிக்கறானான்னு கேளு. இல்லீன்னா மேல எத்தனை கோட்டு அடிச்சாலும் கீழ இருந்து கணக்கு தீத்துரும்.

தேக்குன்னா சும்மா இல்லை. நம்ம ஆனமலைத் தேக்கு பத்தொம்பதாம் நூத்தாண்டுல கப்பல் கட்ட பம்பாய்க்குப் போச்சு. வெட்டின கட்டையை மலையில இருந்து சறுக்கி உட்ட எடந்தான் இன்னிக்கு நீ காரு போட்டு ஆனை பாக்கப் போற டாப்ஸ்லிப். வெட்டி வெட்டிக் காடு மொட்டையானப்ப, ஹியூகோ வுட்டுன்னு ஒரு வனத்துறை அதிகாரி வந்து மறுபடி தேக்கு வளத்தாரு. கைத்தடியில குழி போட்டு, வெதை போட்டுக்கிட்டே நடப்பாருன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க. 1933-ல செத்தாரு. அவரை அந்தக் காட்டுலயே பொதைச்சாங்க. ஒரு மனுசன் காலம் பூராக் குனிஞ்சு நிமிந்து வளத்த சாமானத்தை, நீ ஒரு மத்தியானத்துல தூளாக்கி மூட்டை கட்டப் பாக்கற.

தேக்குலயும் எல்லாம் ஒண்ணில்லை. வைரம் பாஞ்ச நடுக்கட்டையில எண்ணெய்ப்பசை இருக்கும், செல்லு லேசுல தொடாது. ஓரத்து வெள்ளைக்கு அந்தத் தெம்பு கெடையாது. மரம் மரமாப் பாத்துப் பழகணும்னா நம்ம கோயமுத்தூர்லயே காஸ் மியூசியம் 1902-ல இருந்து இருக்குது. மால்ல நாலு சுத்து சுத்தற நேரத்துல ஒருக்கா அங்க போய்ட்டு வா. உள்ள ஏசி இருக்குதான்னு மட்டும் கேக்காதே.

இனி நாளு. அப்பாரு சாங்கியம் பேசறாருன்னு சிரிப்ப, சிரி. ஆடியில பாலக்காட்டுக் கணவாயில பூந்து வர்ற காத்துக்கு அம்மியே பறக்கும்பாங்க. காயாத பாலிஷ் மேல ஊருப் புழுதியெல்லாம் வந்து குக்கிக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல அரக்குப் பாலிஷ் வெள்ளை பூத்துரும். சித்திரை வெயில்ல பலகை சுருங்கிச் சந்து தெரியும். அதைப் பாத்துப் பதறி மக்கு வெச்சு அடைச்சயோ, அடைமழைக்கு மரம் ஊதி ஒண்ணையொண்ணு நெட்டித் தூக்கிரும். சுவரோரம் 10 எம்.எம். சந்து உட்டிருப்பாங்க, அதையும் அடைச்சுப்போடாதே, மரம் அசையறதுக்கு உட்ட எடம் அது. தை, மாசிதான் தோது.

சுரண்டியே தீரணும்னா மொறையாச் சுரண்டு. ஆணித்தலை ஒண்ணுவிடாம உள்ள எறக்கு. 60 நம்பர் உப்புத்தாள், அப்பறம் 80, அப்பறம் 120. நடுவுல ஒண்ணைத் தாண்டிக் குதிச்சயோ, மொதத் தாளு போட்ட கீறலெல்லாம் பாலிஷ் அடிச்சபொறவு மொளைச்சு வரும். ரேகை போற போக்குலயே ஓட்டு. மெஷின் ஓடறப்ப ஒரே எடத்துல நிக்காதே, போன் வந்தாலும் நிக்காதே. நின்ன எடத்துல பள்ளம் உழுந்துரும். தேக்குல சிலிகா இருக்குது, தாளு சீக்கிரம் மழுங்கும். காசைப் பாக்காம மாத்து. பழைய பெயிண்டு அடிச்ச பலகைன்னா காய்ஞ்சாப்புல தேய்க்கவே தேய்க்காதே, அந்தத் தூசியில ஈயம் இருக்கலாம். பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல கூடாதுன்னு சட்டம் நடப்புக்கு வந்ததே 2017-லதான்.

தேக்கோட எண்ணெய்ப்பசை மேல பாலிஷ் சரியா ஒட்டாது. தின்னர் தொட்ட துணியில தொடைச்சு, அது ஆறினதும் அன்னிக்கே மொதக் கோட்டு அடிச்சுப்போடு. தரைக்குன்னு விக்கற பி.யு. (பாலியூரித்தேன்) மூணு கோட்டு, நடுநடுவுல 220 உப்புத்தாள்ல ஒரு தடவு தடவிக்கோ. வாடை வேண்டாம்னா தண்ணியில கரைக்கற பி.யு. இருக்குது. பழைய கைமொறைதான் வேணும்னா லின்சீடு எண்ணெயும் தேன்மெழுகும் இருக்குது, கீறல் உழுந்தா அந்த எடத்துக்கு மட்டும் பூசிக்கலாம். ஆனா எண்ணெய் தொடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதே. அது தானாச் சூடேறித் தீப்புடிக்கும். தண்ணி வாளியில முக்கு, இல்லீன்னா வெளிய விரிச்சுக் காயப்போடு. ஊட்டைக் கொளுத்திப்போட்டுத் தரை மட்டும் நல்லா வந்திருக்குதுன்னு எனக்குப் போட்டோ அனுப்பாதே.

இத்தனைக்கும் பொறவு தரையைக் கெடுக்கப்போறது யாரு? நீதான். வெள்ளிக்கிழமை ஆனா ஊடு கழுவற கூட்டம் நாம. வாளித் தண்ணியும் பினாயிலும் மரத்துக்கு ஆகாது. நல்லாப் பிழிஞ்ச துணி, தொடைச்ச கையோட காயணும். தென்னங்குச்சிச் சீமாறு வேண்டாம், புல்லு வெளக்கமாறு போதும். நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட்டுத் துணி ஒட்டு. வெளக்குக்கு அடியில தட்டம் வையி. ஆயுதபூசைக்குத் தேங்கா உடைக்கற வீரத்தை வாசப்படிக்கு வெளிய காட்டு. ஒரம்பரை வந்தா செருப்பை வெளிய உடச் சொல்லு, மூஞ்சியைச் சுழிச்சாலும் பரவால்லை. செருப்பு மண்ணும் உப்புத்தாளும் செய்யறது ஒரே சோலி. ஒண்ணுக்கு வாடகை குடுக்கற, இன்னொண்ணைச் சும்மாவே உள்ள கூட்டிக்கிட்டு வர்ற.

இதெல்லாஞ் சொல்லிப்போட்டு, அம்மிணி அனுப்பின போட்டோவைக் கண்ணாடி போட்டு இன்னொருக்கா பாத்தேன். சன்னலோரம் ஒரு கணு. சோபாகிட்ட அதே கணு. பூசை ரூமு வாசல்லயும் அதே கணு. ஆக, உன்ற தரைக்குச் சுரண்டற சோலியே கெடையாது, துணியில தொடைச்சாப் போதும்.

மெஷினுக்கு அட்வான்சு குடுத்துட்டேன், திருப்பித் தரமாட்டேங்கறாங்கன்னு சொல்லுவ. குடுத்த காசை எதுக்கு உடறது? சனிக்கிழமை பொழுதோட காருல போட்டு ஊருக்குக் கொண்டா. நம்ம மச்சுப் பலகை அசல் தேக்கு, நல்ல கனம், உங்கொப்பன் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தே உப்புத்தாளைக் கண்ணுல பாக்காமக் கெடக்குது. தை மாசமும் பொறந்தாச்சு. கூலி கீலின்னு பேசாதே, கோழி அடிக்கச் சொல்லியிருக்கறேன். வர்றப்ப தூசிக்கு முகமூடி ரெண்டு வாங்கிக்கோ. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு எனக்கு, கட்டல்ல குக்கிக்கிட்டு, "ரேகை போற போக்குலயே ஓட்டு கண்ணு"ன்னு சொல்ற ஆளுக்கும் தூசி ஆகாதல்ல.