பாதிக் கட்டுரை வேந்தருக்கு ஒரு வாழ்த்து மடல்

பெருமதிப்பிற்குரிய ஆட்டிசச் சிகிச்சை மைய நிறுவனர் அவர்களுக்கு,

பெயரைச் சொல்லி விளிக்காததற்குப் பொறுத்தருள வேண்டும். தங்களுக்குப் பெயர்கள் பல, ஊர்களும் பல. லண்டனில் இருந்தீர்கள், மேரிலாந்தில் இருந்தீர்கள், பென்சில்வேனியாவில் இருந்தீர்கள். இப்போது நம் நகரங்களின் மேம்பாலத் தூண்களில் வெள்ளைக் கோட்டோடு சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். பேச்சு வராத நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் தங்கள் வரவேற்பறைக்குள் நுழைந்ததும், அவள் கழுத்துச் சங்கிலி எத்தனை பவுன் என்று பார்வையாலேயே எடை போட்டுவிடும் தங்கள் திறமைக்கு ஒரு மடல்கூட வாசிக்காவிட்டால் நாங்கள் நன்றி கெட்டவர்கள்.

வழக்கப்படி கல்வித் தகுதியிலிருந்து தொடங்குகிறேன். தாங்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் பாதி மட்டும் படித்தவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. முழுதாகப் படித்தவர்களெல்லாம் இன்னும் பல்கலைக்கழகங்களில் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாதியில் நிறுத்திய தாங்கள்தான் நாலு மாடி கட்டினீர்கள்.

தங்களுக்கு மிகவும் பிடித்த பாதி, மையலினைப் பற்றியது. மூளையின் நரம்பிழைகளை மின்கம்பியின் மேலுறைபோலச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலம் அது. உறையில்லாத இழையில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்துபோகும் சைகை, உறை போட்ட தடித்த இழையில் நூறு மீட்டர்வரை பாயும். பிறப்பதற்கு முன்பே மூளைத்தண்டுப் பக்கம் தொடங்கும் இந்த வேலை, முதல் இரண்டு ஆண்டுகளில் மளமளவென்று நடக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியில் இருபது வயதைத் தாண்டியும் முடிவதில்லை. குழந்தை தலை நின்று, தவழ்ந்து, முதல் சொல்லைச் சொல்லும் அதே மாதங்களில்தான் தடுப்பூசி அட்டையும் நிரம்புகிறது. ஆட்டிசத்தின் அடையாளங்கள் பெற்றோர் கண்ணில் படுவதும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான். மூன்றும் ஒரே நாட்காட்டியில் இருப்பதைப் பார்த்த விஞ்ஞானிக்குச் சந்தேகம் வந்தது. தங்களுக்கு வாடகைக்கு இடம் பார்க்கத் தோன்றியது.

1993இல் அமெரிக்காவில் விஜேந்திர சிங்கும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள 33 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்ததில் 19 பேரிடம், மையலினின் அடிப்படைப் புரதத்தோடு ஒட்டும் எதிர்ப்பொருள் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேரிடம்தான் இருந்தது. கேட்க வேண்டிய கேள்விதான், கேட்டார்கள். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நரம்புறையை அரித்துவிடும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நோய் இருக்கும்போது, ஆட்டிசத்திலும் அப்படி ஏதேனும் நடக்கிறதா என்று பார்ப்பதில் தவறே இல்லை.

ஆனால் எதிர்ப்பொருள் ரத்தத்தில் மிதப்பது வேறு, மூளைக்குள் புகுந்து உறையைக் கிழிப்பது வேறு. ஸ்க்லிரோசிஸ் நோயாளியின் ஸ்கேனில் உறை அழிந்த திட்டுகள் தெரியும். ஆட்டிசம் உள்ள குழந்தையின் மூளையில் அந்தத் திட்டுகளைக் காணோம். காயமே இல்லாத இடத்தில் கத்திக்குத்து வழக்கு! அதே எதிர்ப்பொருளைப் பின்னால் தேடிய மற்ற ஆய்வுக்கூடங்களில் சிலருக்கு ஏதோ தெரிந்தது, சிலருக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டுரையின் இரண்டாம் பாதி இதுதான். தாங்கள் அந்தப் பக்கமே போகாமல், 58 சதவீதம் என்ற எண்ணை மட்டும் கத்தரித்துச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினீர்கள்.

2002இல் அதே சிங்கின் இன்னொரு கட்டுரை வந்தது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியையும் மையலின் எதிர்ப்பொருளையும் 125 குழந்தைகளின் ரத்தத்தில் அது முடிச்சுப் போட்டது. அதற்கும் இரண்டு ஆண்டு முன்னால், 2000 ஏப்ரலில், டான் பர்ட்டன் தலைமையிலான அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சி சொன்னார். அன்று அதே அறையில் சாட்சி சொன்ன இன்னொருவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. தங்கள் வம்சத்தின் குலதெய்வம்.

அவர் பெருமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கதை. 1998இல் 12 குழந்தைகளை வைத்து, எம்.எம்.ஆர். ஊசியை ஆட்டிசத்தோடு இணைத்து லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞரிடமிருந்து நாலு லட்சம் பவுண்டுக்கு மேல் பணம். தன் மகனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த பிள்ளைகளுக்குத் தலைக்கு ஐந்து பவுண்டு கொடுத்து ரத்தம் எடுத்த பண்பு. 2010இல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்தது. கேக் வெட்ட வந்த குழந்தையிடம் ரத்தம் எடுத்தவரைத் தலைவராகக் கொண்ட இயக்கம்தான், தடுப்பூசி போடும் செவிலியரைப் பார்த்துக் கொடுமைக்காரி என்கிறது.

அந்த இயக்கத்தவர் எவரும் மேடையில் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. எதிர்ப்பாற்றலை மையலின்மீது ஏவிவிடும் நோய் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதன் பெயர் தட்டம்மை. தட்டம்மை கண்ட குழந்தைகளில் சுமார் ஆயிரத்தில் ஒன்றுக்கு, அம்மை இறங்கும் நேரத்தில் மூளை அழற்சி வருகிறது. கிருமி மூளைக்குள் புகுந்து செய்யும் நாசமாக இது தெரியவில்லை. குழம்பிப்போன எதிர்ப்பாற்றல் நரம்புறையைத் தாக்குவதே காரணமாகத் தெரிகிறது. பெருவின் லிமாவில் இப்படிப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த ரிச்சர்ட் ஜான்சன் குழுவினர், அவர்களுடைய வெள்ளையணுக்கள் அதே மையலின் அடிப்படைப் புரதத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுவதை 1984இலேயே காட்டினார்கள். தாங்கள் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கும் அதே புரதம்! அந்த விபத்தைத் தடுக்க மனிதன் கண்டுபிடித்த ஒரே வழி, தாங்கள் வேண்டாம் என்று சொல்லும் அந்த ஊசி. மையலினைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, மையலினைக் கடிக்கும் நோயை வீட்டுக்கு அழைத்துவந்த சாதனையைத் தங்களைத் தவிர வேறு எவரும் செய்ததில்லை. 2025இல் டெக்சஸில் ஊசி போடாத இரண்டு பிள்ளைகள் தட்டம்மையில் செத்தார்கள். அதற்கு முன் பத்தாண்டாக அந்த நாட்டில் தட்டம்மைச் சாவே இல்லை. அந்த இரண்டு சவப்பெட்டிகளிலும் தங்கள் வம்சத்தின் கையெழுத்து இருக்கிறது.

ஆட்டிசத்துக்கும், மையலின் நிறைந்த பகுதியான மூளையின் வெள்ளைப் பொருளுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். 2012இல் ஜேசன் வுல்ஃப் குழுவினர், ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காளோ உடைய 92 கைக்குழந்தைகளை 6, 12, 24 மாதங்களில் ஸ்கேன் செய்தார்கள். பின்னால் ஆட்டிசம் உறுதியான 28 குழந்தைகளிடம், பார்த்த 15 நரம்புப் பாதைகளில் 12இல் வளர்ச்சியின் போக்கே வேறாக இருந்தது. ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட முந்தி நின்று, பிறகு வேகம் குறைந்து, இரண்டு வயதில் பின்தங்கியிருந்தது. யாரோ தாக்கி அழித்ததாக இதில் எதுவும் தெரியவில்லை. கட்டுமானமே வேறு கணக்கில் நடந்திருக்கிறது, அதுவும் ஆறு மாதத்திலேயே. அமெரிக்கக் குழந்தைக்கு எம்.எம்.ஆர். ஊசி போடுவது ஒரு வயதில். குற்றவாளி ஊருக்குள் வருவதற்கு ஆறு மாதம் முன்பே குற்றம் நடந்துவிட்டதாக இந்த ஸ்கேன்கள் சொல்கின்றன. அது போதாதென்று டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் எழுதினார்கள்: எம்.எம்.ஆர். போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை. ஆறரை லட்சத்தைவிடத் தங்களுக்குப் பன்னிரண்டுதான் பெரிய எண்.

இனித் தங்கள் மருந்துக் கடை. எதிர்ப்பாற்றல்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதியதும், பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்களான இம்யூனோகுளோபுலினை நரம்பில் ஏற்றினீர்கள். 1998இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில் பத்துக் குழந்தைகளுக்கு ஏற்றிப் பார்த்ததில் ஒரே ஒரு குழந்தையிடம்தான் சொல்லும்படியான மாற்றம் தெரிந்தது. அந்த ஒரு குழந்தையின் கதை தங்கள் காணொளியில் வரும், மற்ற ஒன்பதுக்கும் அதில் இடமில்லை. பிறகு செக்ரெடின் என்ற செரிமான ஹார்மோன் வந்தது. 1999இல் அறுபது குழந்தைகளில் பாதிப் பேருக்குச் செக்ரெடினும் மீதிப் பேருக்கு உப்புநீரும் போட்டார்கள். இரண்டு கூட்டத்திலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் தேறினார்கள். உப்புநீர் போட்டும்தான்! முடிவைச் சொன்ன பிறகும் பெற்றோரில் 69 சதவீதம் பேர் செக்ரெடின் வேண்டும் என்றே நின்றார்கள். அந்த 69 சதவீதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவெல்லாம் தூங்காத பிள்ளையோடு விழித்திருப்பவர்களுக்கு நம்பிக்கையைத் தவிர வேறென்ன மிச்சம்? அந்த நம்பிக்கைக்குத் தவணை முறையில் கட்டணம் வைத்தவர்மீதுதான் எனக்கு ஆத்திரம்.

மேரிலாந்தில் மார்க் கையர் என்ற மருத்துவர், பருவம் வராத பிள்ளைகளுக்கு லூப்ரான் போட்டார். பாலியல் குற்றவாளிகளின் ஆண்மையை அடக்கப் பயன்படும் மருந்து அது. தடுப்பூசியால் உடலில் சேர்ந்ததாக அவர் சொன்ன பாதரசத்தை வெளியேற்றுகிறேன் என்று அதற்குப் பெயர். 2011இல் அவர் உரிமம் முடக்கப்பட்டு, பிறகு பறிக்கப்பட்டது. பென்சில்வேனியாவில் 2005 ஆகஸ்டில், உலோகத்தைக் கழுவி எடுக்கிறேன் என்று ஊசியேற்றியதில் ரத்தத்தின் கால்சியம் சரிந்து, ஐந்து வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். ஆட்டிசத்தால் யாரும் மேசைமேல் அப்படிச் சாவதில்லை. அவன் சிகிச்சையால் செத்தான்.

கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஜூடி வான் டி வாட்டர் போன்றவர்கள், சில தாய்மாரின் ரத்தத்தில் கருவின் மூளைப் புரதங்களோடு ஒட்டும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். நிதானமான வேலை, நல்ல வேலை. தயவுசெய்து அதைத் தாங்கள் படித்துவிடாதீர்கள், பாதிகூட. 1967இல் பெட்டல்ஹைம் என்ற உளவியலாளர், தாயின் பாசக்குறைதான் ஆட்டிசம் என்று புத்தகம் போட்டு ஒரு தலைமுறைப் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். நம் வீடுகளில் மாமியார்கள் புத்தகம் படிக்காமலேயே அந்த முடிவுக்கு வந்தவர்கள். அவர்கள் கையில் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கொடுத்துவிட வேண்டாம்.

வாஷிங்டனில் இப்போது தங்கள் பொற்காலம். மருத்துவ உரிமம் இல்லாமல் தொழில் செய்ததாக மேரிலாந்தில் குற்றம் சாட்டப்பட்ட கையரின் மகன் டேவிட்டையே 2025இல் அமெரிக்கச் சுகாதாரத் துறை அழைத்து, தடுப்பூசித் தரவுகளை ஆராயச் சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பர் 22 அன்று அதிபரே மேடையேறி, ஆட்டிசத்தைத் தவிர்க்கக் கர்ப்பிணிகள் பாராசிட்டமால் சாப்பிடாமல் பல்லைக் கடித்துக்கொள்ளட்டும் என்கிற தோரணையில் பேசினார். அதே மேடையில் லூகோவோரின் என்ற பழைய மாத்திரைக்கும் கிரீடம் சூட்டினார்கள். அதன் பின்னாலும் ஓர் எதிர்ப்பொருள்தான் நிற்கிறது. ஃபோலேட்டை மூளைக்குள் ஏற்றும் வாயிலை அடைக்கும் எதிர்ப்பொருள். ஒருவேளை சில குழந்தைகளுக்கு அது உதவலாம். பெரிய சோதனை நடத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சோதனைக்கு முன்பே முரசு கொட்டும் வித்தையை அரசாங்கம் தங்களிடம்தானே கற்றது?

நம் நாட்டில் தங்கள் சரக்கு குருத்தணு, அதாவது ஸ்டெம் செல். 2022 டிசம்பரிலேயே தேசிய மருத்துவ ஆணையம், ஆட்டிசத்துக்குக் குருத்தணு சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல, அதை விளம்பரப்படுத்துவது தொழில்முறைத் தவறு என்று சொல்லிவிட்டது. தாங்கள் விளம்பரத்தில் ஒரே ஒரு சொல்லைத் திருத்தியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். எலும்புமச்சையை உறிஞ்சியெடுத்து, முதுகுத்தண்டில் செலுத்தி, நாலு சுற்று வந்தால்தான் பலன் தெரியும் என்பீர்கள். மூன்றாவது சுற்றுக்கு அந்தத் தகப்பன் ஊரில் காணி விற்க அலைந்துகொண்டிருப்பான். பிள்ளை ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் அது தங்கள் குருத்தணு, சொல்லாவிட்டால் பெற்றோர் தாமதமாக வந்ததன் பலன். வளரும் குழந்தை எப்படியும் ஏதாவது ஒரு சொல்லைக் கற்கும் என்ற உயிரியல் உண்மைதான் தங்கள் லாபக் கணக்கின் அடித்தளம்.

அந்தக் காணியின் விலையில் பேச்சுப் பயிற்சியாளரிடம் பல ஆண்டுகள் போயிருக்கலாம். பேச்சே வராவிட்டாலும் பட அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்கக் கற்றிருக்கலாம். சத்தம் தாங்காத பிள்ளைக்குக் காது மூடி வாங்கியிருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது, ஆனால் இடமில்லை என்று திருப்பியனுப்பும் பள்ளி வாசலில் அந்தச் சட்டத்தோடு நிற்க யாரும் துணைக்கு வருவதில்லை. பயிற்சியாளர்கள் போதாது, அரசு மையங்களில் வரிசை நீளம். அந்த வரிசையில் காத்திருந்து களைத்தவர்களைத்தான் தங்கள் மேலாளர் தொலைபேசியில் அழைத்து அம்மா, அம்மா என்று உருகுகிறார்.

நிறைவாக ஒரே ஒரு வேண்டுகோள். தங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு ஆய்வின் கீழேயும் நான்கு வரி தமிழில் எழுதி வையுங்கள். எத்தனை குழந்தைகளை வைத்துச் செய்தார்கள், ஒப்பீட்டுக் கூட்டத்துக்கு என்ன கொடுத்தார்கள், அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் தேறினார்கள், பிறகு செய்து பார்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருக்கிறீர்களே, அந்த அளவுக்கு இருந்தால் போதும்.